பழவேற்காட்டுக்கு ஒரு நாள்: வடசென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

வேலைக்காக வந்து திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ வீடு பிடித்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போகலாம் என்று கேட்டால், யாரும் மகாபலிபுரத்தைத்தான் சொல்வார்கள். அதற்கு நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நெரிசலில் ஊர்ந்து போக வேண்டும். நம் பக்கத்து ஸ்டேஷனில் ரயில் ஏறி வடக்கே போனால், ஒரு மணி நேரத்துக்குள் பொன்னேரி வந்துவிடும். அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் பழவேற்காடு. ஏரி, கடல், பறவைகள், 400 வருடத்துக் கல்லறைகள், உயிரோடு இருக்கும் நண்டு, பனையோலைக் கூடை என எல்லாம் ஒரே ஊரில் இருக்கின்றன.

எங்கள் வீட்டு மாடியில் குடிவரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதை வாயால் சொல்லிக்கொண்டே இருந்தேன். எழுதிக் கொடுத்தால் இன்னும் நான்கு பேருக்குப் பயன்படும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று. பழவேற்காடு உழைக்கிற ஊர். சுற்றுலாவுக்கென்று கட்டிய இடம் எதுவும் அங்கே இல்லை. விடியலுக்கு முன்பே தொடங்குகிற மீனவர்களின் வேலைநாள், நமக்குக் காலைச் சிற்றுண்டி முடியும்போது பாதிக்கு மேல் ஓடியிருக்கும். அந்த நேரத்தோடு ஒட்டிப் போனால் ஊர் உங்களுக்குத் திறந்துகொள்ளும். என் முதல் பயணத்தில் மே மாத மத்தியானம் 12 மணிக்குப் போய் இறங்கினேன். சந்தை கழுவிவிட்டுக் காய்ந்து கிடந்தது, ஏரியில் ஒரு கொக்கு கூட இல்லை, நிழலும் இல்லை. குடும்பத்தோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து திரும்பி வந்தோம். அந்த நாள் உங்களுக்கு வர வேண்டாம் என்பதால்தான் மாதத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எந்த மாதம், எந்தக் கிழமை

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. வலசை வரும் பறவைகள் அப்போதுதான் ஏரியில் இருக்கும். அக்டோபர், நவம்பரில் புயல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் போகவே வேண்டாம் என்பேன். நுங்கு கிடைக்கும் என்பது ஒன்றுதான் அப்போதைய ஆறுதல்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், மீன் விலையும் கூடும். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகைக்காகப் பல கடைகள் சாத்தியிருக்கும். சனிக்கிழமை கிடைத்தால் அதுதான் நல்லது. அப்புறம், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளா என்று செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏவுதளம் ஏரிக்கு அந்தப் பக்கம்தான். அன்றைக்கு மீனவர்களைக் கடலுக்கு விட மாட்டார்கள், அதனால் சந்தை வெறிச்சோடும். ராக்கெட்டையே பார்க்கப் போவதென்றால் அது தனிப் பயணம். மீனை எதிர்பார்க்காமல் போங்கள்.

கிளம்புவது

கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயில்தான் நமக்கு வண்டி. பீச், ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் என எங்கே வசதியோ அங்கே ஏறலாம். பீச்சிலிருந்து வரும் வண்டியும் சென்ட்ரல் பக்கத்திலிருந்து வரும் வண்டியும் கொருக்குப்பேட்டையில் ஒரே பாதைக்கு வந்துவிடும். எனவே தண்டையார்பேட்டைக்கு வடக்கே இருப்பவர்களுக்கு இரண்டு வண்டியும் கிடைக்கும். டிக்கெட் ஆளுக்கு 20 ரூபாயைத் தாண்டாது. தாம்பரம் பாதையைப் போல அடுத்தடுத்து வண்டி வரும் என்று நம்பி நிற்காதீர்கள். இந்தப் பாதையில் இடைவெளி அதிகம். எக்ஸ்பிரஸ் வண்டிக்கு வழிவிட்டு நடுவில் நிற்கவும் செய்யும். முந்தின இரவே நேரம் பார்த்து, காலை 6 மணியை ஒட்டிய வண்டியைப் பிடியுங்கள்.

ராயபுரத்தில் ஏறுபவர்கள் ஸ்டேஷனை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம் அது. அந்தக் கட்டிடம் இன்றும் நிற்கிறது.

பையில் என்ன வேண்டும்? ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது துண்டு, பின்னால் வார் உள்ள செருப்பு. ஏரிக்கரையில் சிப்பி ஓடுகள் பிளேடு மாதிரி கிடக்கும். வெறுங்காலோடு பிள்ளைகளை இறக்காதீர்கள். ஹவாய் செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும். மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் வாளி ஒன்றும், பழைய சாக்குத் துணி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று பின்னால் சொல்கிறேன். பைனாகுலர் இருந்தால் கட்டாயம், இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். சில்லறை நோட்டுகள் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். கூறு வைத்து விற்கும் அம்மாக்களிடம் செல்போனில் பணம் அனுப்ப முடியாமல் போகலாம்.

ரயிலில் எண்ணூர் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றுப் பாலம் வரும். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். மீஞ்சூருக்குப் பிறகு வயல்கள் தொடங்கும். பொன்னேரியில் இறங்குங்கள். ஸ்டேஷனில் கழிப்பறை வேலையை முடித்துவிடுவது நல்லது, முக்கியமாகப் பெண்களுக்கும் பெரியவர்களுக்கும். பழவேற்காட்டில் சுத்தமான பொதுக் கழிப்பறையை நம்பிப் போக முடியாது. ஊர் மீது எனக்குள்ள ஒரே மனக்குறை இது.

பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ கிடைக்கும். பக்கத்து ஓட்டலில் இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டுப் பழவேற்காடு பஸ்ஸில் ஏறுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸாக இருந்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. திருப்பாலைவனம் வழியாகப் போகும். ஏறும்போதே கண்டக்டரிடம், "அண்ணே, சாயங்காலம் பொன்னேரிக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் எழுதியிருப்பதைவிட அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

முதலில் தண்ணீர்

இறங்கியதும் கடைத்தெருவில் நிற்காமல் நேராக ஏரிக்குப் போங்கள். வெயில் ஏறும் முன் பறவைகளைப் பார்க்க வேண்டும். ஊரையும் கலங்கரை விளக்கப் பக்கத்தையும் இணைக்கும் பாலம் இருக்கிறது. பாலத்தின் மேல் ஓரமாக நின்றாலே இரண்டு பக்கமும் ஏரி விரியும்.

ஊர்க்காரர்கள் ஏரி என்றுதான் சொல்வார்கள். ஆனால் இது நன்னீர் ஏரி கிடையாது. ஆற்று நீரும் கடல் நீரும் கலந்த காயல், இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு ஓரம் மட்டும் நமக்கு. ஆரணியாறு இங்கே வந்து சேர்கிறது. பேசின் பிரிட்ஜ் பக்கம் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, அந்த பக்கிங்காம் கால்வாயும் இந்த ஏரியைத் தொட்டுத்தான் ஆந்திராவுக்குள் போகிறது. ஒரு காலத்தில் ஸ்ரீஹரிகோட்டா விறகு அந்த வழியில் படகேறித்தான் மெட்ராஸ் அடுப்புகளுக்கு வந்து சேர்ந்தது. நம் வீட்டுப் பின்னால் ஓடும் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

தமிழ்நாட்டுப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பாலத்திலிருந்து கொக்கு, நீர்க்காகம், ஆலா, அதிர்ஷ்டம் இருந்தால் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை பார்க்கலாம். எல்லோரும் கேட்பது பூநாரையைத்தான். அது முழங்கால் ஆழத் தண்ணீரில், ஆள் நடமாட்டம் இல்லாத தூரத்தில் கூட்டமாக நிற்கும். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்துச் சின்ன உயிர்களை வடிகட்டித் தின்னும். வெறுங்கண்ணுக்கு வெள்ளைக் கோடு மாதிரி தெரியும். அந்தக் கோடு எழுந்து பறக்கும்போதுதான் இறக்கைக்குள் ஒளிந்திருந்த சிவப்பும் கறுப்பும் விரிந்து தெரியும்.

பூநாரைக்காகவே வருகிறீர்கள் என்றால், பொன்னேரியிலிருந்து அண்ணாமலைச்சேரிப் பக்கம் வண்டி வைத்துக்கொண்டு போவது நல்லது. கரையிலிருந்தே பாருங்கள். கிட்டே போய்ப் படம் எடுக்க வேண்டும் என்று சேற்றில் இறங்காதீர்கள், கைதட்டிப் பறக்கவிடாதீர்கள். எவ்வளவோ தூரம் பறந்து வந்து இரை தேடுகிற உயிர்கள்.

படகு பற்றி

இதை நிதானமாகப் படியுங்கள். கரையில் நின்றால், "படகுல போறீங்களா சார், முகத்துவாரம் வரைக்கும் காட்டிட்டு வரேன்" என்று யாராவது கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றிப் பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. உயிர்காப்பு உடை இல்லை. அதன் பிறகுதான் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. மீன்பிடிப் படகு வலைக்கும் நான்கைந்து ஆட்களுக்குமாகச் செய்தது. எடை ஒரு பக்கம் சாய்ந்தால் அது தாங்காது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் ஓதம் ஏறி இறங்கும்போது நீரோட்டம் இழுக்கும். மேலே இருந்து பார்க்க அமைதியாகத்தான் தெரியும்.

அழைக்கிற ஆள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு மீன் படாமல் போயிருக்கலாம். அவருக்கு உதவ வேண்டுமென்றால் அவர் வீட்டு மீனை வாங்குங்கள்.

பாலம் தாண்டிக் கலங்கரை விளக்கப் பக்கம் நடந்தால் கடல் வரும். வெயில் ஏறிவிட்டால் ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். மெரினா மாதிரி சுண்டல் கடையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். மணல், வலை காயப்போட்ட படகுகள், காற்று, அவ்வளவுதான். காலை நனைக்கலாம். நீந்தக் கூடாது.

மீன் சந்தை

9 மணிக்குள் சந்தைக்கு வந்துவிடுங்கள். காசிமேட்டில் வாங்கிப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு வித்தியாசம் கண்ணில் படும். விசைப்படகு மீன் இல்லை. ஏரி மீனும் ஃபைபர் படகு மீனும்தான். மடவை, கெளுத்தி, கிழங்கான், இறால், களி நண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் 61 நாளும் இந்த மாதிரிச் சின்னப் படகுகளின் மீனுக்குத்தான் கிராக்கி. அதனால் அப்போது விலை அதிகமாக இருக்கும்.

இந்த ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒரே ஆளிடம் தங்கிவிடாமல் சுற்றி வரும். வலை இல்லாமல் ஆழமற்ற தண்ணீரில் தவழ்ந்து, கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களும் இருக்கிறார்கள். பனையோலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டு, பிடிக்கப் பிடிக்க அதில் போடுவார்கள். கூறு விலை கேட்கும்போது இந்த உழைப்பையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பேரம் பேசலாம், பேசாமல் இருந்தால் அவர்களுக்கே பிடிக்காது. ஆனால் பாதி விலைக்குக் கேட்டு மீனைத் தூக்கிப் போட்டுவிட்டு நகர்வது மரியாதையில்லை.

சரி, என்ன வாங்குவது? நாள் முழுக்கச் சுற்றிவிட்டு ரயிலில் போக வேண்டும். இறால் அவ்வளவு நேரம் தாங்காது, ஐஸ் போட்டாலும் எனக்கு மனசு வராது. நண்டுதான் சரி. களி நண்டை உயிரோடு கயிற்றால் கட்டி விற்பார்கள். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் சாயங்காலம் வரை உயிரோடு இருக்கும். வாளியும் சாக்கும் எடுத்துவரச் சொன்னது இதற்குத்தான். வாளியில் தண்ணீர் ஊற்றி நண்டை முக்கி வைக்காதீர்கள், செத்துவிடும். ஈரம் போதும், மூடியில் காற்றுக்கு ஓட்டை இருக்கட்டும்.

எடுக்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு ஏற்ற கனம் இருந்தால் சதை இருக்கிறது. கனமில்லாவிட்டால் ஓடு மாற்றி அதிக நாள் ஆகாத நண்டு. வேகவைத்தால் உள்ளே தண்ணீர்தான் இருக்கும். வயிற்று மடிப்பு அகலமாக அரைவட்டமாக இருந்தால் பெண், குறுகலாக முக்கோணமாக இருந்தால் ஆண். தெரியாவிட்டால், "யக்கா, சதையா இருக்குறதா நீயே எடுத்துக் குடு" என்று அவரையே கேட்டுவிடுங்கள். நம்பிக் கேட்டவரை அவர்கள் ஏமாற்றி நான் பார்த்ததில்லை. கட்டியிருக்கும் கயிற்றை வீட்டுக்கு வரும் வரை அவிழ்க்க வேண்டாம். அந்தக் கொடுக்கு விரலை உடைத்துவிடும்.

மீன்தான் வேண்டும் என்பவர்கள் திரும்பும் நேரத்தில் கிடைப்பதை ஐஸோடு வாங்கலாம். செவுள் சிவப்பாக, கண் புடைத்து, அழுத்தினால் குழி விழாமல் இருக்க வேண்டும் என்கிற கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். கருவாட்டுக்கு அந்தக் கவலை இல்லை. நெத்திலியோ காரலோ, கையில் ஒட்டாமல் காய்ந்ததாகப் பார்த்து வாங்கி இரண்டு கவரில் இறுக்கிக் கட்டுங்கள். ரயிலில் பக்கத்தில் இருப்பவர்களையும் நினைக்க வேண்டும்.

கல்லறைத் தோட்டம்

கடைத்தெருவை ஒட்டி டச்சுக்காரர்களின் கல்லறை இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். சின்னப் பிள்ளைகள் முதலில் பயப்படுவார்கள், அப்புறம் அதைவிட்டு நகர மாட்டார்கள். உள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள். டச்சு எழுத்தும் குடும்பச் சின்னங்களும் இன்னும் படிக்கிற மாதிரி இருக்கின்றன. கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். யாரோ பெற்ற பிள்ளைகள் தம் ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து மடிந்த இடம்.

அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதற்குப் பதில் துணி. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரைக்கே தலைமை இடமாக வைத்திருந்தார்கள். 1690இல் தலைமையை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். இங்கிருந்து போன கட்டம் போட்ட துணி தென்கிழக்கு ஆசியா முழுக்க ஓடியது. மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் "காயின் பெலிக்காட்" என்கிறார்கள். ஆங்கிலேயர் புலிகாட் என்று எழுதிய இந்த ஊரின் பெயர்தான் அது. வண்ணாரப்பேட்டைக் கடையில் கட்டம் போட்ட கைலியைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஊர் ஞாபகம்தான் வருகிறது. கோட்டை இப்போது புதர் மூடிய மேடு. அகழியின் தடத்தைக் கொண்டுதான் அடையாளம் காண முடியும். தனியாகப் புதருக்குள் போகாதீர்கள், பாம்பு இருக்கும்.

நேரமும் தெம்பும் இருந்தால் செம்புறைக்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோவிலையும், போர்த்துகீசியர் காலத்திலிருந்து வரும் மகிமை மாதா ஆலயத்தையும் பாருங்கள். மதியம் கோவில் நடை சாத்திவிடுவார்கள்.

சாப்பாடும் ஓலைக் கூடையும்

மதியச் சாப்பாட்டுக்குப் பெயர் பெற்ற ஓட்டலைத் தேட வேண்டாம். கடைத்தெருவில் மீன் குழம்பு போடும் சின்னக் கடையில் 12:30க்குள் உட்கார்ந்துவிடுங்கள். பொறித்த மீன் அதற்குப் பிறகு தீர்ந்துபோகும். "அண்ணே, இன்னைக்கு ஏரி மீன் எது?" என்று கேட்டால் அதையே கொண்டுவருவார்.

அப்புறம் ஓலைக் கூடை. இந்த ஊர் முஸ்லிம் பெண்கள் பனங்குருத்தோலையில் பின்னும் கைவேலை பல தலைமுறையாக வருகிறது. சாயம் ஏற்றிய ஓலைகளைச் சேர்த்து மூடி போட்ட பெட்டி, தாம்பூலக் கூடை, சின்னச் சின்னச் சிமிழ் வரை செய்கிறார்கள். பல வீடுகளில் வீட்டு வேலைக்கு நடுவில் நடக்கிற தொழில் இது. விசாரித்தால் வழி சொல்வார்கள். வாசலில் நின்று குரல் கொடுத்து, கூப்பிட்ட பிறகு உள்ளே போங்கள். உடன் ஒரு பெண் இருப்பது நல்லது. கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

வாங்கும்போது மூடியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். நல்ல பின்னல் இறுகி உட்காரும். விளிம்பில் ஓலை நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வீட்டில் ஈரம் படாமல் வைத்தால் பல வருடம் உழைக்கும். எங்கள் வீட்டில் வெற்றிலைப் பெட்டியாக வந்தது இப்போது தையல் சாமான் பெட்டியாக இருக்கிறது, ஒரு பின்னல் கூட விடவில்லை. இதில் பேரம் பேசாதீர்கள். ஒரு பெட்டிக்குப் போகும் நேரத்தை உட்கார்ந்து பார்த்த பிறகு எனக்குப் பேசத் தோன்றவில்லை. உறவினர் வீட்டு விசேஷத்துக்குத் தாம்பூலக் கூடை வேண்டுமென்றால், ஒரு மாதம் முன்பே வந்து எண்ணிக்கை சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பேச்சு வளர்ந்தால் முகத்துவாரம் மணல் மூடுவதையும், எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவில் இருக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விரிவாக்கத்தைத் தாங்கள் எதிர்ப்பதையும் சொல்வார்கள். அவசரப்படாமல் கேளுங்கள். எண்ணூரில் கழிமுகம் சீரழிந்து கிடப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிற நமக்கு அது தெரியாத கதை இல்லை.

திரும்புவது

3 மணிக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். கடைசி வண்டி வரை காத்திருக்க வேண்டாம். அது வராமல் போனால் ஆட்டோவுக்கு நிறையக் கொடுக்க வேண்டியிருக்கும். குடித்த தண்ணீர் பாட்டில், பிஸ்கட் கவர் எல்லாவற்றையும் பையிலேயே போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கரையில் போட்டால் காற்று ஏரிக்குள் கொண்டுபோய்விடும், வலையில்தான் மாட்டும். பொன்னேரியில் டீ குடித்துவிட்டு, சாக்கை ஒருமுறை தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள். வீட்டுக்கு வந்ததும் கயிற்றை அவிழ்க்காமல் நண்டைக் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் அசைவு அடங்கிவிடும். அதற்குள் மிளகும் சீரகமும் வறுத்து இடித்துக்கொள்ளலாம்.